விசையின் எடையும் விரலின் நிதானமும்

பத்து மீட்டர் தூரத்தில் நின்று ஏர் பிஸ்டலால் குறி சுடப் பழகுகிறவர்களுள் பெரும்பாலோர், சில வாரங்கள் சென்றபின், தம் பெல்லட்டுகள் அட்டையெங்கும் சிதறுவதற்குக் காரணம் விசை கனமாக இருப்பதே என்ற முடிவுக்கு வந்து, ஆலன் சாவியைத் தேடத் தொடங்குகிறார்கள். இந்தச் சந்தேகம் இயல்பானதுதான். ஆயினும் அநேகமாகத் தவறானது. சர்வதேச விதிப்படி இந்தப் பிரிவில் விசையின் எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது. ஒலிம்பிக்கில் பதக்கம் பெற்றவருக்கும் நேற்று ரேஞ்சில் சேர்ந்த மாணவருக்கும் பிரமாணம் ஒன்றே. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் புகழ் பெற்ற ஏர் ரைஃபிள் பிரிவில் இத்தகைய கீழ்வரம்பே கிடையாது. 25 மீட்டர் பிஸ்டலிலோ அது 1000 கிராம். ஆகவே நம் வசத்தில் இருப்பவை இரண்டு: அந்த ஐந்நூறு கிராமை விசையின் இரு கட்டங்களுக்குள் எவ்வாறு பங்கிடுவது என்பது ஒன்று, பங்கிட்டதை விரல் எவ்வாறு கடப்பது என்பது மற்றொன்று. இந்த அத்தியாயம் அவ்விரண்டையும் வரிசைப்படி சொல்லும்.

இரு கட்டங்கள்

போட்டிக்குரிய பிஸ்டல்களில் விசை இரண்டு கட்டங்களாக இயங்கும். விரலை வைத்து இழுக்கும்போது முதலில் மெதுவாக, தடையின்றிப் பின்வாங்குவது முதற்கட்டம். பிறகு ஒரு சுவரில் முட்டியதுபோல் நின்று, மேலும் சிறிது அழுத்தம் சேர்ந்ததும் ‘டிக்’கென்று விடுபடுவது இரண்டாங்கட்டம். உள்ளே ஒரு கொக்கி மற்றொரு விளிம்பிலிருந்து நழுவுவதே அந்த ‘டிக்’. விதி அளப்பது இரண்டின் கூட்டு எடையை. முதற்கட்டத்தில் 350 கிராமும் இரண்டாங்கட்டத்தில் 150 கிராமும் இருந்தாலும் கூட்டு ஐந்நூறே. இருநூறும் முந்நூறுமாக இருந்தாலும் ஐந்நூறே. ஆனால் விரலுக்கு அவை முற்றிலும் வேறான இரண்டு விசைகள். இதற்கு மேல் சாஸ்திரம் நமக்கு வேண்டியதில்லை.

திருகாணியைத் தொடுமுன்

பிஸ்டலைத் திருத்த உட்காரும் மேஜையில் நேரும் விபத்துக்களில் பல, ‘உள்ளே ஒன்றுமில்லை’ என்ற நம்பிக்கையால் நேர்பவை. ஆகையால் கீழ்க்கண்டவற்றை ஒவ்வொரு முறையும், முந்தைய தினம் செய்திருந்தாலும், செய்ய வேண்டும்.

1. பெல்லட் டப்பாவை மேஜையிலிருந்து எடுத்து வேறு அறையில் வையுங்கள்.
2. குழல்வாய் எப்போதும் பெல்லட்டைத் தாங்கவல்ல ஒரு தடுப்பை நோக்கியே இருக்கட்டும். கதவும் மரத்தட்டியும் தடுப்பு ஆகா. அவற்றின் மறுபக்கத்தில் ஆள் இருக்கலாம்.
3. திணிக்கும் நெம்பைத் திறந்து, குழலின் பின்வாயைக் கண்ணால் பாருங்கள். விரலால் தடவிப் பார்ப்பது போதாது.
4. காற்றுச் சிலிண்டரைக் கழற்றுங்கள். கழற்றியபின்னும் உள்ளே தங்கிய காற்று ஒன்றிரண்டு முறை சுடுவதற்குப் போதும் என்பதைப் பலர் அறியார். தடுப்பை நோக்கிப் பிடித்து, சத்தம் அடங்கும்வரை வெறுமனே சுட்டு அதையும் போக்கிவிடுங்கள்.
5. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள்.

உங்கள் பிஸ்டலுடன் வந்த கையேட்டைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டெயர், மோரினி, வால்தர், ஃபைன்வெர்க்பாவ், பர்தினி என்று கம்பெனிக்குக் கம்பெனி திருகாணிகளின் இடமும் திரும்பும் திசையும் மாறும். இங்கே நாம் சொல்வது எல்லாவற்றுக்கும் பொதுவான வரிசை. எந்தத் திருகாணி என்பதற்குக் கையேடே அதிகாரி.

குறிப்பு: தொடங்குமுன் ஒவ்வொரு திருகாணியின் தலையும் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கைப்பேசியால் படம் எடுத்துவிட்டு, திருப்பும் ஒவ்வொரு கால் சுற்றையும் ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். பழைய நிலைக்குத் திரும்பும் வழி அடைபட்டுப்போனவர் நிலை பரிதாபத்துக்குரியது.

எடை பார்த்தல்

வில் தராசால் கொக்கி மாட்டி இழுத்துப் பார்ப்பது வழக்கத்தில் இருந்தாலும் நம்பத்தக்கதன்று. கை சற்றே வெடுக்கென இழுத்தால் முள் எங்கோ போய் நிற்கும். போட்டி அதிகாரிகள் உபயோகிப்பது தொங்கவிடும் எடைக்கல். வில்லும் நெம்பும் சேர்ந்த கருவிகளுக்கு அங்கே இடமில்லை. வீட்டிலும் அதையே பின்பற்றலாம். மளிகைக் கடையில் காணும் 500 கிராம் கல் ஒன்றை உறுதியான கம்பியில் கட்டி, கம்பியின் மேல்நுனியை விசையில் மாட்டும்படி வளைத்து, கம்பியும் கல்லும் சேர்ந்து எவ்வளவு என்பதை எலெக்ட்ரானிக் தராசில் பாருங்கள். அது 520 கிராம் வரும்படி சிறு ஈயத்துண்டுகளைச் சேர்த்தால், பயிற்சிக்குத் தக்க எடைக்கல் ஆயிற்று. மேலதிகமான இருபது கிராம், இன்றைய அளவுக்கும் நாளைய அளவுக்கும் இடையே குளிரும் அழுக்கும் எண்ணெயும் செய்யும் மாறுதலுக்காக நாம் ஒதுக்கும் காப்பு.

1. சிலிண்டரை மாட்டி, பெல்லட் இல்லாமல், பிஸ்டலைச் சுடும் நிலைக்கு ஏற்றுங்கள். போட்டியிலும் காற்று ஏற்றிய நிலையில்தான் சோதிப்பார்கள்.
2. கல்லைச் சமதளமான மேஜைமேல் வைத்து, குழல் செங்குத்தாக மேல்நோக்கி நிற்குமாறு பிடித்து, கம்பியின் வளைவை விசையின் நடுப்பாகத்தில், விரல் படும் இடத்திலேயே மாட்டுங்கள். முகம் குழல்வாய்க்கு நேரே வரலாகாது.
3. மெதுவாக, ஆட்டமின்றி, கல் மேஜையை விட்டு முழுவதும் எழும்வரை தூக்குங்கள்.
4. விசை விடுபடாமல் கல் தொங்கினால் தேறியது. விடுபட்டால் எடை குறைவு.

போட்டியில் மூன்று முயற்சிக்கு இடமுண்டு. வீட்டில் நீங்கள் அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ள வேண்டாம். தொடர்ந்து ஐந்து முறை கல்லைத் தூக்காத விசையைச் சரியான விசை என்று கருதாதீர்கள்.

திருகாணிகளின் வரிசை

முதலில் எடையைத் தொடாதீர்கள். விரல் எட்டும் தூரமே முதலாவது. கைப்பிடியை இறுக்கமின்றிப் பற்றியபின், ஆள்காட்டி விரலின் முதற்கணுவுக்கும் நுனிக்கும் இடையிலுள்ள சதைப்பற்றான பாகம் விசையில் படுகிறதா, விரலின் மற்றப் பாகம் கைப்பிடியைத் தொடாமல் ஒரு நூலளவாவது விலகி நிற்கிறதா என்று பாருங்கள். படாவிடில் விசைத்தகட்டை அதன் தண்டின்மேல் முன்னோ பின்னோ நகர்த்துங்கள். விரல் எட்டாமல் கணுவால் இழுப்பவருக்கு எடையை எப்படி மாற்றினாலும் பலனில்லை; குழல் ஒவ்வொரு முறையும் பக்கவாட்டில் இழுபடும்.

இதன்பின் சிலிண்டரைக் கழற்றிவிட்டு, வரிசை இவ்வாறு:

1. விசை விடுபட்டபின் பின்னுக்குப் போகும் தூரத்தை நிறுத்தும் திருகாணியைத் தாராளமாகத் தளர்த்திவிடுங்கள். இது இறுகியிருக்கும்போது மற்றத் திருகாணிகளைச் சரிசெய்தால் கிடைக்கும் அளவெல்லாம் பொய்யாகும்.
2. முதற்கட்டத்தின் நீளத்தை அமையுங்கள். புதியவருக்கு நன்றாக உணரத்தக்க நீளம் வேண்டும். அதை மிகக் குறைத்தால் சுவரில் முட்டும் உணர்ச்சியே தெரியாமல் போய்விடும்.
3. இரண்டாங்கட்டத்தின் எடையைக் கால் கால் சுற்றாக மாற்றுங்கள்.
4. முதற்கட்டத்தின் வில்லை இறுக்கியோ தளர்த்தியோ கூட்டு எடையை 520 கிராமுக்குக் கொண்டுவாருங்கள்.
5. கடைசியாக, முதலில் தளர்த்திய நிறுத்தத் திருகாணியை விசை விடுபடாத அளவுக்கு உள்ளே திருப்பி, விடுபடும் இடம்வரை திரும்பி வந்து, அங்கிருந்து இன்னும் கால் சுற்று தளர்த்துங்கள்.

கொக்கிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் அளவை மாற்றும் திருகாணி சில பிஸ்டல்களில் உண்டு. கண்ணாடி உடைவதுபோல் விசை விடுபட வேண்டும் என்ற ஆசையால் இதைக் குறைக்கிறவர்கள் பலர். குறைக்கக் குறைக்க, நெம்பை மூடும் அதிர்விலேயே கொக்கி நழுவிச் சுட்டுவிடும் விபரீதத்துக்கு அருகில் போகிறார்கள். கம்பெனி வைத்த நிலையிலேயே அதை விட்டுவிடுவது உத்தமம்.

இனிப் பங்கீடு. முதற்கட்டத்துக்கு 350, இரண்டாங்கட்டத்துக்கு 170 என்று தொடங்குவது புதியவருக்கு ஏற்றது என்பது என் அபிப்பிராயம். அனுபவம் மிகுந்தோர் இரண்டாங்கட்டத்தை நூறுக்கும் கீழே இறக்கி வைத்துக்கொள்வதுண்டு. அவர்கள் விரல் அந்த மெல்லிய சுவரின்மேல் சாய்ந்து காத்திருக்கக் கற்றது. கல்லாத விரலுக்கு அதே சுவர் காகிதமாகி, நாடித்துடிப்பிலேயே விசை விடுபட்டு, கை குறிக்கு வருமுன் பெல்லட் பறந்துவிடும். மாறாக, இரண்டாங்கட்டம் 250-ஐத் தாண்டினால் அதைக் கடக்கும் பிரயாசையில் மணிக்கட்டும் சேர்ந்து இறுகும். முதற்கட்டத்தை மட்டும் தனியே அளக்க, 300, 350, 400 என்று சிறு கற்களைத் தொங்கவிட்டு, எந்தக் கல்லில் விசை சுவர்வரை பின்வாங்கி நிற்கிறது என்று பார்த்தால் போதும்.

குறிப்பு: எலெக்ட்ரானிக் விசையுள்ள பிஸ்டல்களுக்கும் இந்த எடைவிதியே பொருந்தும், ஆனால் அவற்றில் மின்கலமும், நெம்பு மூடியதை அறிவிக்கும் சுவிட்சும் கூடுதல் கவலைகள். டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே பழுதுபட்டு, விலைமதிப்பற்ற நிமிஷங்கள் கழிந்து, இறுதிச் சுற்று சொற்பப் புள்ளிகளில் கைநழுவியதை விளையாட்டுப் பக்கங்கள் படிப்போர் மறந்திருக்கமாட்டார்கள். (2024-இல் பாரிஸில் அவர் இரண்டு வெண்கலம் வென்றார் என்பதும் நினைவிருக்கும்.) ஆகவே மின்கலத்தை மாற்றிய தேதியை நோட்டில் எழுதுங்கள்.

திருத்தியபின் செய்யவேண்டிய சோதனை

இதை ஒருபோதும் தவிர்க்கலாகாது. பெல்லட் இன்றிக் காற்று ஏற்றிய பிஸ்டலைத் தடுப்பை நோக்கிப் பிடித்து, நெம்பைச் சற்று வேகமாக இருபது முறை மூடிப் பாருங்கள். ஒருமுறைகூடத் தானாகச் சுடக் கூடாது. பிறகு உள்ளங்கையின் அடிப்பாகத்தால் கைப்பிடியின் பின்புறத்தை மிதமாகத் தட்டுங்கள். அப்போதும் விடுபடக் கூடாது. விரலை முதற்கட்டத்தின் முடிவுவரை கொண்டுபோய், அழுத்தத்தை எடுத்துவிட்டால், விசை முழுவதுமாக முன்னுக்கு வந்து நிற்க வேண்டும். மூன்றில் எது தவறினாலும் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு, பிஸ்டலைத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

தேறிவிட்டால், குறைந்தது ஒரு மாதத்துக்கு ஆலன் சாவியைப் பெட்டிக்குள் பூட்டி வையுங்கள். ஒவ்வொரு கெட்ட நாளுக்கும் ஒரு கால் சுற்று என்று திருப்பிக்கொண்டிருப்பவரின் விரலுக்குப் பழகுவதற்கு விசையே நிலையாக இராது.

விரல் விடுக்கும் வரிசை

விசையின் எடையைவிட அதை விடுக்கும் விதம் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே ஏறத்தாழ 33 சென்டிமீட்டர் இருக்கும் பிஸ்டலில், கை முழுவதும் ஒரு மில்லிமீட்டர் ஒரு பக்கம் நகர்ந்தால் பெல்லட்டும் ஒரு மில்லிமீட்டர் நகரும். பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர் ஆதலால் அது ஒரு பொருட்டன்று. ஆனால் கை அசையாமலிருக்க, விசையை இழுத்த வேகத்தில் முன்குறி பின்குறியின் பள்ளத்துக்குள் ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தால், பத்து மீட்டரில் அது முப்பது மில்லிமீட்டராகப் பெருகி, நடுவில் போக வேண்டிய பெல்லட் கறுப்பு வட்டத்தின் விளிம்பில் போய்ப் பதியும். கை ஆடுவதை மன்னிக்கும் குறி, விரல் வெடுக்கென இழுப்பதை மன்னிப்பதில்லை.

1. பிஸ்டல் மேஜைமேல் இருக்கையிலேயே பாதங்களையும் கைப்பிடியையும் அமைத்துக்கொள்ளுங்கள். விரல் விசைக்காப்புக்கு வெளியே. மற்றக் கை இடுப்புப் பட்டையிலோ காற்சட்டைப் பையிலோ தங்கட்டும். பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுஃப் திகேச் பையில் கையை நுழைத்து நின்றதை உலகம் வியந்து பார்த்தது, ஆனால் இந்த விளையாட்டில் அது அன்றாட வழக்கம்.
2. மூச்சை உள்ளிழுத்தபடி கையைக் குறிக்கு மேலே உயர்த்துங்கள். பாதி மூச்சை விட்டுக்கொண்டே இறக்குங்கள்.
3. இறங்கிவரும்போதே விரலை விசையில் வைத்து முதற்கட்டத்தை முழுவதும் எடுத்துவிடுங்கள். கை கறுப்பு வட்டத்தின் அடியில், ஒரு வெள்ளைப் பட்டை தெரியும் இடத்தில் தங்கும்போது, 520-இல் 350 கிராம் ஏற்கெனவே விரலில் இருக்க வேண்டும்.
4. கண் முன்குறியில் நிலைக்கட்டும். கறுப்பு வட்டம் மங்கலாகத் தெரிந்தால் சரி. முன்குறி மங்கினால் தவறு.
5. இனி அழுத்தத்தை நேர் பின்னாக, நின்று நின்று அல்லாமல், ஒரே சீராகக் கூட்டிக்கொண்டே போங்கள். ஆட்டம் நிற்குமென்று காத்திராதீர்கள்; அது எவருக்கும் நிற்பதில்லை. விசை விடுபடும் கணம் உங்களுக்கே சற்று எதிர்பாராததாக இருக்கட்டும்.
6. விடுபட்டபின் விரலைப் பின்னேயே வைத்து, ஒன்றிரண்டு விநாடி முன்குறியைப் பார்த்தபடியே இருங்கள். பெல்லட் எங்கே போயிற்று என்பதைத் திரையோ அட்டையோ காட்டுமுன், முன்குறி கடைசியாக நின்ற இடத்திலிருந்து நீங்களே சொல்லிப் பழகுங்கள்.

கை குறியில் தங்கியதிலிருந்து எட்டு விநாடிக்குள் விசை விடுபடாவிட்டால், விரலை வெளியே எடுத்து, கையை இறக்கி, மீண்டும் தொடங்குங்கள். அறுபது குண்டுகளுக்கு 75 நிமிஷம் என்பதால் ஒவ்வொன்றுக்கும் சராசரி எழுபத்தைந்து விநாடி உண்டு. ஒருமுறை இறக்குவதால் ஒன்றும் குடி முழுகிவிடாது. கண் களைத்து, ரத்தத்தில் பிராணவாயு குன்றிய நிலையில் எப்படியாவது முடித்துவிடுவோம் என்று சுடுவதே ஆறும் ஏழும் பிறக்கும் இடம்.

நாகஸ்வரக்காரர் கருவியைத் தாங்கும் கை ஆடாதிருக்க, ஒரு விரலை மட்டும் எடுத்து வைப்பதுபோல, கைப்பிடியைப் பற்றிய மூன்று விரல்களின் இறுக்கம் மாறாமல் ஆள்காட்டி விரல் மட்டும் தனித்து இயங்க வேண்டும். ஆள்காட்டி விரல் இழுக்கும்போது மற்ற விரல்களும் கூடவே இறுகுவது மனித தேகத்தின் ஸ்வபாவம். அதைப் பிரிப்பதே இந்தப் பயிற்சியின் சாரம்.

பெல்லட் விழும் இடமும் காரணமும்

வலக்கையால் சுடுகிறவருக்குக் கீழே இடப்புறமாக அடிக்கடி விழுந்தால், விசையை வெடுக்கென இழுத்து, மணிக்கட்டையும் உடன் தாழ்த்துகிறார் என்று கொள்ளலாம். பத்தில் எட்டுப் பேருடைய வியாதி என்று சொல்லத் தோன்றும் அளவுக்கு இது பரவலானது. நேர் வலப்புறம் விழுந்தால் கட்டைவிரல் அழுத்துகிறது. மேலே விழுந்தால் உள்ளங்கையின் அடிப்பாகம் சத்தத்தை எதிர்பார்த்து முன்னே தள்ளுகிறது. இடக்கைக்காரர் இடவலம் மாற்றிக்கொள்க. ஓரிரு பெல்லட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பத்துப் பெல்லட்டின் கூட்டம் எங்கே நிற்கிறது என்பதே சாட்சி. கூட்டம் நெருக்கமாக ஒரே இடத்தில் விழுந்தால் அது விரலின் குற்றமே அன்று. பின்குறியைத் திருப்பினால் தீரும்.

பெல்லட் இல்லாத அப்பியாசம்

போட்டி பிஸ்டல்களில் காற்றை வெளிவிடாமல் விசையை மட்டும் இயக்கும் வசதி, ரேஞ்சில் ‘டிரை ஃபயர்’ என்பது, உண்டு. விரலைத் திருத்த இதைவிடச் சிறந்த சாதனம் இல்லை.

1. வெள்ளைச் சுவரை நோக்கி, குறி ஏதுமின்றி, முன்குறியை மட்டும் பார்த்து விடுங்கள். ‘டிக்’கென்னும் கணத்தில் முன்குறி பள்ளத்துக்குள் அசைந்தால் உடனே தெரிந்துவிடும், கறுப்பு வட்டம் இருந்தால் கண் அங்கே ஓடிவிடும், பிழை மறைந்துவிடும்.
2. ஐந்து விடுப்பு அசைவின்றி அமைந்தபின் குறியட்டையை ஒட்டி ஐந்து.
3. ரேஞ்சில் ஒரு தோழரிடம் பிஸ்டலைக் கொடுத்து, சில முறை பெல்லட் இட்டும் சில முறை டிரை ஃபயர் நிலையில் வைத்தும் தரச் சொல்லுங்கள். எது என்று அறியாமல் விடுக்கும்போது, வெற்று விசைக்கும் கை தாழுமானால், அச்சம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பது இருவருக்கும் தெரிந்துபோகும். குழல்வாய் குறியை விட்டு அகலாமல் கைமாற்றுவது தோழரின் பொறுப்பு.

அரைமணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் செய்யாதீர்கள். தோள் சோர்ந்தபின் விரல் கற்பதெல்லாம் சோர்ந்த தோளுக்குரிய பாடம்.

போட்டி நாளில்

குளிரூட்டிய அரங்கிலும் வெயில் தகிக்கும் கொட்டகையிலும் ஒரே விசை ஒரே எடை காட்டும் என்று நம்பாமல், அரங்கை அடைந்து பிஸ்டல் அங்குள்ள சூட்டுக்குப் பழகியபின், உபகரணச் சோதனை மேஜையில் உள்ள எடைக்கல்லில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 500 கிராமைச் சற்றே தாண்டி நிற்பதாக நீங்கள் கண்டால் அதோடு மனநிறைவு கொள்ள வேண்டாம். முதற்கட்ட வில்லைக் கால் சுற்று இறுக்கி மீண்டும் பாருங்கள். போட்டி முடிந்தபின் சீட்டுக் குலுக்கிச் சிலரை அழைத்து மறுபடியும் எடை பார்ப்பார்கள். அங்கே கல்லைத் தூக்காத பிஸ்டலுக்குரியவர், எத்தனை பத்துகள் சுட்டிருந்தாலும், போட்டியிலிருந்து நீக்கப்படுவார். சோதனையில் தேறிய பிஸ்டலின் விசைத் திருகாணிகளைச் சுடும் வரிசைக்குப் போனபின் எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். பெட்டியிலிருந்து எடுக்கும்போதும் வைக்கும்போதும் குழலில் ஆரஞ்சு நிறச் சேஃப்டி ஃபிளாக் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். சிலிண்டரின் மேல் பொறித்திருக்கும் காலாவதித் தேதியையும் முந்தைய வாரமே படித்துவிடுங்கள்.